சோற்றில் கை வைக்காமல் எடையைக் குறைக்க: நடையா, ஓட்டமா, ஜிம்மா?

என் தங்கையின் கணவருக்கு வயது 43, உயரம் 168 சென்டிமீட்டர், எடை 80 கிலோ. வீடு தண்டையார்பேட்டையில். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறரை வரை எழுந்திருப்பது டீக்கும் சாப்பாட்டுக்கும்தான். சென்ற மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 114 என்று வந்தது. 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். 100-ஐத் தாண்டினாலே அதற்கு முந்தைய நிலை. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் சொன்னது இது: "மச்சான், நடக்கச் சொல்லுங்க, ஓடச் சொல்லுங்க, ஜிம்முல சேரச் சொல்லுங்க, எதுனாலும் செய்றேன். சோத்துல மட்டும் கை வெக்காதீங்க."

அந்த வேண்டுகோளை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். சாப்பாட்டைக் குறைத்தால் எடை விரைவாக இறங்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு வீட்டின் சாப்பாடு ஒருவருடைய விருப்பத்தால் மட்டும் அமைவதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருவதும், பத்து வயது மகன் முதல் எழுபது வயது அம்மா வரை ஒரே சட்டிக் குழம்பில் சாப்பிடுவதும் அந்த வீட்டின் வழக்கம். இதற்கு முன் இரண்டு முறை அவர் இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறி, மூன்றாவது வாரத்தில் பழையபடி திரும்பியிருக்கிறார். செய்ய மாட்டேன் என்று ஒருவர் முன்கூட்டியே சொல்வதை அவர்மேல் திணிப்பதைவிட, செய்வேன் என்று சொல்வதில் எது அவருக்குப் பலன் தரும் என்று பார்ப்பதே சரி.

கணக்கும் நடப்பும்

உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில், அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில், ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் 260 கலோரி கூடுதலாகச் செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அந்த நேரத்தில் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்துவிட்டுச் சொல்லும் எண் இது. வாரம் ஐந்து மணி நேரம் நடந்தால் 1,300 கலோரி. ஆறு வாரத்துக்கு ஒரு கிலோ. ஆண்டுக்கு எட்டு கிலோவுக்கு மேல். தாளில் கணக்கு இப்படித்தான் வருகிறது. நடப்பில் இப்படி வருவது அரிது, ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எந்தப் பயிற்சி என்ற கேள்விக்கே போக வேண்டும்.

கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ராஸ் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உடல் பருத்த ஆண்கள் சிலர் நாள்தோறும் 700 கலோரி செலவாகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய சாப்பாட்டின் அளவு முன்பிருந்தபடியே இருக்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டது. மூன்று மாதத்தில் ஏழரை கிலோ குறைந்தது. அதே 700 கலோரியைச் சாப்பாட்டில் குறைத்துக்கொண்ட இன்னொரு குழுவினருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் குறைந்தது. உடற்பயிற்சியால் மட்டும் எடை குறையாது என்று பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த ஆய்வை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக ஒன்று. அமெரிக்காவில் டிமதி சர்ச் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற வயதிலுள்ள, எடை கூடிய நானூறுக்கும் மேற்பட்ட பெண்களைப் பிரித்து, பயிற்சி செய்தவர்களில் ஒரு குழுவை வாரம் சுமார் 72 நிமிடமும், அடுத்த குழுவை 136 நிமிடமும், மூன்றாவது குழுவை 194 நிமிடமும் ஆறு மாதம் பயிற்சி செய்ய வைத்தார்கள். சாப்பாட்டில் யாரும் தலையிடவில்லை. குறைந்த எடை முறையே 1.4, 2.1, 1.5 கிலோ. மிக அதிகம் உழைத்தவர்களுக்கு நடுக் குழுவைவிடக் குறைவாகவே இறங்கியது. கணக்குப்படி இறங்கியிருக்க வேண்டியதில் பாதிதான் அது. ஆனால் மூன்று குழுவிலும் இடுப்புச் சுற்றளவு குறைந்தது, இதற்குப் பின்னால் திரும்பி வருகிறேன். இரண்டுக்கும் நடுவில் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு நிற்கிறது: 18 முதல் 30 வயது வரையிலானவர்கள், வாரம் ஐந்து நாள், கண்காணிப்பாளர் முன்னிலையில், ஒவ்வொரு முறையும் 400 அல்லது 600 கலோரி செலவாகும்வரை பத்து மாதம் பயிற்சி செய்ததில் சராசரியாக 3.9 கிலோவும் 5.2 கிலோவும் குறைந்தன. சராசரிக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்தது. ஒரே உழைப்புக்குச் சிலருக்குப் பத்துக் கிலோவுக்கு அருகில் போனது, சிலருக்கு ஒன்றும் போகவில்லை.

ஆக, ஒரே அளவு உழைப்புக்குப் பலன் இவ்வளவு வேறுபடக் காரணம் என்ன? ஒரு பங்கு உடம்பே செய்வது. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களை அளந்து ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் 2012-இல் வெளியிட்டபடி, நாளெல்லாம் நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் மேலைநாட்டவருடையதற்கு ஏறக்குறைய ஒப்பாகவே இருந்தது. உழைப்பு கூடும்போது உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடிக்கிறது. இன்னொரு பங்கு நாமே அறியாமல் செய்வது: காலையில் ஒரு மணி நேரம் நடந்தவர் மாலையில் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க வண்டியை எடுக்கிறார், மாடிக்குப் போக வேண்டிய வேலைக்கு மகனை அனுப்புகிறார். மிச்சமுள்ள பங்கு தட்டில் இருக்கிறது.

அந்தத் தட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இராயபுரத்தில் காலை ஆறே முக்காலுக்கு நடையை முடிக்கிற ஒரு கூட்டம் வியர்வை காயுமுன் டீக்கடை வாசலில் நிற்கும். சட்டியில் அப்போதுதான் எடுத்த மசால் வடை. செய்தித்தாள் துண்டில் வைத்துக் கொடுத்தால் எழுத்து தெரியாதபடி எண்ணெய் ஊறிவிடும். இரண்டு வடையும் சர்க்கரை போட்ட ஒரு டீயும் சேர்ந்தால், வடையின் அளவைப் பொறுத்து, 280-லிருந்து 350 கலோரி வரை. ஒரு மணி நேர நடையின் 260 அங்கேயே தீர்ந்துவிடுகிறது. நடக்காத நாட்களில் அந்த வடையை அவர்கள் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ஆகையால் மச்சானிடம் நான் முதலில் பேசித் தீர்த்துக்கொண்டது பயிற்சியைப் பற்றியே அல்ல. சாப்பாட்டை மாற்ற மாட்டேன் என்று அவர் சொன்னபோது குறைக்க மாட்டேன் என்பதையே மனதில் வைத்திருந்தார். கூட்டவும் மாட்டேன் என்பதும் அதே வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று சொன்னேன். இப்போது சாப்பிடும் மூன்று வேளைச் சாப்பாடு, அலுவலகத்தின் மூன்று டீ, சனிக்கிழமை இரவுப் பரோட்டா, ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு எல்லாம் இருக்கட்டும். பயிற்சியைக் காரணம் காட்டி ஒரு வாய்கூடக் கூடக் கூடாது. ராஸ் குழுவினர் அந்த ஆண்களுக்கு வைத்த காவலை அவர் தனக்குத் தானே வைத்துக்கொள்ள வேண்டும். அவர் சற்று யோசித்துவிட்டுத்தான் சரி என்றார், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

இப்படிப் பார்த்தால் பயிற்சிகளை ஒப்பிடும் அளவுகோலும் மாறுகிறது. ஒரு மணி நேரத்தில் எது அதிகம் எரிக்கும் என்று கேட்பதில் பயன் குறைவு. வாரம் எத்தனை மணி நேரம் அதைத் தொடர்ந்து செய்ய முடியும், செய்தபின் எவ்வளவு கூடுதலாகச் சாப்பிட மனம் தூண்டும், முழங்காலும் பாதமும் தாங்குமா, வடசென்னைத் தெருவில் அதற்கு இடம் உண்டா என்று கேட்க வேண்டும்.

நடை

நடையைத்தான் நான் முதலில் வைக்கிறேன், அதன் குறைகளை அறிந்தே. மெதுவாக, மணிக்கு நாலு கிலோமீட்டரில், பேசிக்கொண்டே நடந்தால் 80 கிலோ உடம்புக்கு மணிக்கு 160 கலோரிதான் கூடுதலாகப் போகும். பூங்காக்களில் பெரும்பாலானோர் நடப்பது இந்த வேகம்தான். வேகத்தைக் கூட்டினால் 260. அதற்கு மேல் நடையில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. அப்படியானால் நேரத்தைத்தான் கூட்ட வேண்டும். விளையாட்டு மருத்துவத் துறையினரின் சங்கமான அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் 2009-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, வாரம் 150 முதல் 250 நிமிடம் வரையிலான மிதமான பயிற்சி எடை கூடாமல் தடுக்கும், சிறிதளவே குறைக்கும். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைய 250 நிமிடத்துக்கு மேல் வேண்டும். "தினம் அரை மணி நேரம் நடங்கள்" என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை வாரத்துக்கு 210 நிமிடம் ஆகிறது. இதயத்துக்கு அது போதும், சர்க்கரைக்கும் நல்லது, சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு எடையைக் குறைக்க மட்டும் அது போதாது. அரை மணி நேரம் நடந்தும் ஒன்றும் குறையவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எங்கே நடப்பது என்பது இந்தப் பகுதியில் சிறிய கேள்வி அல்ல. காசிமேட்டிலிருந்து எண்ணூர் நோக்கிப் போகும் கடலோரச் சாலையில் ஒரு பக்கம் அலையைத் தடுக்கக் கொட்டிய பாறை, மறுபக்கம் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் டிரெய்லர் லாரி. காற்று கடலிலிருந்து வந்தாலும் மூக்கில் ஏறுவது டீசல்தான். அங்கே நடக்க வேண்டாம் என்றே சொல்வேன். இராயபுரத்தில் அறிஞர் அண்ணா பூங்கா இருக்கிறது. 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த பழைய ராபின்சன் பூங்கா அது. பெரம்பூர்க்காரர்களுக்கு மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்காவும், பெரியமேட்டுக்காரர்களுக்கு மை லேடீஸ் பூங்காவும் கைக்கெட்டும் தூரம். பூங்கா அருகில் இல்லாதவர்களுக்கு மொட்டை மாடி உண்டு. நாற்பது அடி நீளமுள்ள மாடியில் ஒரு கிலோமீட்டர் என்பது எண்பதுக்குச் சற்று மேற்பட்ட நடை. சலிப்புத் தட்டும் என்பதை மறைக்க மாட்டேன், ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தெருவில் தண்ணீர் நிற்கும்போது மாடிதான் மிஞ்சுகிறது.

பூங்கா நடையைவிட நான் மதிப்பது வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் நடையை. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு, மச்சானைப் போன்றவர்களுக்கு ஒரு புதிய வாய்ப்பு வந்திருக்கிறது. வண்டியை வீட்டில் விட்டுவிட்டுத் தண்டையார்பேட்டையில் ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கினால், வீட்டிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குமாக அவருக்குப் போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். எஸ்கலேட்டரை விட்டுப் படியில் ஏறினால் அது தனி. ஆறு நாள் வேலை என்பதால் வாரத்துக்கு 300 நிமிடம் தானாகவே சேர்கிறது. இந்த நடைக்கு உடற்பயிற்சி என்ற பெயர் இல்லை. பெயர் இல்லாததால், இன்று உழைத்துவிட்டோம், இரண்டு வடை சாப்பிடலாம் என்ற எண்ணமும் எழுவதில்லை. அலுவலகத்துக்கு நேரமாகிறது, டீக்கடையில் நிற்கவும் முடியாது. நான் பார்த்தவரையில், தட்டில் திரும்பி வராத நடை இதுதான்.

சித்திரை, வைகாசி வெயிலில் மாலை நடை மட்டும் சிரமம். ஆறரைக்கும் தார்ச்சாலை சூட்டைக் கக்கும், கடலோர ஈரப்பதத்தில் வியர்வை காயாது. அந்த இரண்டு மாதமும் மாலைப் பங்கைக் காலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஓட்டம், பந்து, கயிறு

ஓட்டத்தின் பலம் நேரச் சிக்கனம். மணிக்கு எட்டு கிலோமீட்டரில் அரை மணி நேரம் ஓடினால் 80 கிலோ உடம்புக்குச் சுமார் 290 கலோரி கூடுதலாகப் போகும். ஒரு மணி நேர வேகநடையைவிட அதிகம். நேரம் இல்லாதவருக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. கடினமான பயிற்சிக்குப் பின் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ பசி அடங்கியிருப்பதும் உண்மை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஓடாத 43 வயதுக்காரர், சராசரிக்கு மேற்பட்ட எடையோடு, கான்கிரீட் தெருவில் ஓடத் தொடங்கினால், கணுக்காலும் முழங்காலும் குதிகாலும் முதல் மாதத்திலேயே பேசத் தொடங்கும். ஒரு வாரம் வலியில் உட்கார்ந்துவிட்டால், அந்த வாரத்தில் போன நடையையும் கணக்கில் கழிக்க வேண்டும். ஆறு மாதம் நடந்து, ஐந்தாறு கிலோ இறங்கிய பிறகு, நடைக்கு நடுவே இரண்டிரண்டு நிமிடம் ஓடிப் பார்க்கலாம். தொடக்கத்தில் வேண்டாம்.

வடசென்னையில் பிறந்தவருக்குப் பந்தையும் குத்துச்சண்டையையும் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வியாசர்பாடிப் பிள்ளைகள் மாலையில் வெறுங்காலோடு கால்பந்து ஆடுவதைப் பார்த்தால், எடையைக் குறைக்க ஒருவர் பணம் கட்டிப் போக வேண்டுமா என்றே தோன்றும். ஓடுகிறோம் என்ற நினைவே இல்லாமல் ஓட வைக்கும் ஆட்டம் அது. மணிக்கு 450 கலோரிக்கு மேல் போகும். ஆனால் நாற்பதைத் தாண்டியவர்களின் ஆட்டம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்துவிடுகிறது, ஆட்டம் முடிந்ததும் பிரியாணிப் பொட்டலம் வருகிறது, அந்தப் பொட்டலத்தில் ஆடியதைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. குத்துச்சண்டைப் பயிற்சி இந்தப் பக்கத்துத் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்ற முறையும், கயிறு தாண்டுவதும் மூச்சுக்கு மிக நல்லவை. கயிறு தாண்டினால் பத்து நிமிடத்தில் 130 கலோரி போகும். முப்பது வயதுக்கு உட்பட்டவர், காலில் வலி இல்லாதவர் என்றால் நடையைவிட இதையே முதலில் சொல்வேன். மச்சானுக்கு இது இப்போது பொருந்தாது.

சைக்கிளை ஓரிரு சொல்லில் கடக்கிறேன். முழங்காலுக்கு அதுபோல் இதமானது வேறில்லை, மெதுவாக மிதித்தாலே மணிக்கு 240 கலோரி போகும். ஆனால் கன்டெய்னர் லாரிக்கு நடுவே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தங்கையின் கணவரைச் சைக்கிளில் அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. உள்தெருக்களிலேயே வேலை முடிகிறவர்கள் தயங்காமல் எடுக்கலாம்.

ஜிம்

ஜிம்மைப் பற்றி இரண்டு தவறான நம்பிக்கைகள் பரவலாக இருக்கின்றன. எடை தூக்கித் தசை கூடினால், தூங்கும்போதும் கொழுப்பு எரியும் என்பது ஒன்று. தசை ஒரு கிலோ சும்மா இருக்கும்போது நாளொன்றுக்குச் செலவழிப்பது சுமார் 13 கலோரிதான். ஓராண்டு உழைத்து இரண்டு கிலோ தசை சேர்த்தாலும் 26 கலோரி. சர்க்கரை போட்ட ஒரு டீயில் மூன்றில் ஒரு பங்கு. வயிற்றுக்கான பயிற்சி வயிற்றுக் கொழுப்பைக் கரைக்கும் என்பது மற்றொன்று. உடம்பு கொழுப்பை எடுக்கும் இடத்தை நாம் தீர்மானிக்க முடியாது. வயிற்றுப் பயிற்சி வயிற்றுத் தசையை வலுவாக்கும், அவ்வளவே. இடுப்பில் கட்டும் அதிர்வுப் பட்டையும், வியர்க்க வைக்கும் ரப்பர் உடையும் எடுப்பது தண்ணீரை; இரண்டு சொம்பு குடித்ததும் அது திரும்பிவிடும்.

ஒரு மணி நேர ஜிம்மில் ஓய்வு நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 200 முதல் 300 கலோரி வரை போகிறது. நடையோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை. நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜிம்மில் ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். மாதாமாதம் கட்டினால் கூடுதல் என்று சொன்னார்கள். இரண்டாவது மாதத்தில் அலுவலக வேலை நேரம் மாறியது, போக முடியவில்லை, பணமும் திரும்பவில்லை. போன நாட்களில் அங்கே எனக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை, பாலில் கலந்து குடிக்கும் புரதப் பவுடர் ஒரு டப்பா வாங்கச் சொன்னதுதான். சாப்பாட்டை மாற்றவில்லை என்று நினைத்துக்கொண்டே நாளுக்கு 250 கலோரியைக் கூட்டிக்கொள்வதற்கு அது நேர்வழி.

இவ்வளவு சொன்ன பிறகும் எடைப் பயிற்சியை நான் விட்டுவிடச் சொல்லவில்லை, சர்க்கரையின் வாசலில் நிற்கும் ஒருவருக்கு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்வது தசைதான்; நாற்பதுக்குப் பிறகு அந்தத் தசை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது; எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது. வாரம் இரண்டு நாள் பெரிய தசைகளுக்கு வேலை கொடுத்தால் அந்த இழப்பைத் தடுக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. அதற்கு ஜிம்மே வேண்டும் என்பதில்லை. நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தண்டால் எடுப்பது, பத்து லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி இறக்குவது ஆகிய மூன்றையும் வீட்டிலேயே அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஜிம் அருகில் இருந்து, மாதாமாதம் கட்டணம் வாங்கவும் சம்மதித்தால் சேருங்கள்.

அடிகளையும் கலோரியையும் எண்ணிக் காட்டும் கைக்கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளைச் சோதித்ததில், இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. செலவான கலோரியில் மட்டும் மிகத் துல்லியமான கருவிக்கே சராசரியாக 27 சதவீதப் பிழை இருந்தது. அடிகளை எண்ணிக்கொள்ள அது உதவும். அது காட்டும் கலோரியை நம்பிச் சாப்பிடக் கூடாது.

தங்கைக்கு வேறு கணக்கு

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது தங்கை, "அண்ணா, எனக்கும் சேர்த்துச் சொல்லு" என்றாள். அவளுக்கு ஒப்பீடே வேறு. காலையில் குழாய்த் தண்ணீர் பிடிப்பது, மகனைப் பள்ளிக்கு அனுப்புவது, மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது என்று ஒன்பது மணி வரை அவளுக்கு ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. நாளெல்லாம் நின்றுகொண்டே இருந்தாலும் அந்த வேலையில் மூச்சு வாங்குவதில்லை, ஆகவே அதைப் பயிற்சி என்று கணக்கில் எடுக்கவும் முடியாது. பத்து நிமிடத்துக்குக் குறைந்த பயிற்சி கணக்கில் சேராது என்று முன்பு ஒரு விதி இருந்தது. மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல் அதை நீக்கிவிட்டது. மகனைப் பள்ளியில் விட ஆட்டோவுக்குப் பதிலாக நடப்பது பதினைந்து நிமிடம், மாலை அழைத்துவருவது பதினைந்து நிமிடம், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டை மாடியில் இருபது நிமிடம் என்று பிரித்தால் அவளுக்கும் வாரம் 250 நிமிடம் தாண்டுகிறது. சாப்பிட்டு அரை மணிக்குள் நடப்பதால் ஏறும் சர்க்கரை அடங்கும் என்பதால், அந்த மாடி நடைக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நேரம் மாமியார் மகனைப் பார்த்துக்கொள்வார்.

தேர்வும் அளவையும்

மச்சானுக்கு நான் சொன்ன தேர்வு இது: அலுவலகத்துக்கு மெட்ரோவிலும் நடையிலுமாக வாரம் ஆறு நாள், இரவு மாடி நடை, செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலேயே அரை மணி நேரம் தசைப் பயிற்சி. முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நடந்து கால் பழகட்டும், பிறகு வேகம். மொத்தம் வாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. தாளில் மாதம் ஒரு கிலோ. நான் அவரிடம் உறுதியாகச் சொன்னது அதில் பாதியை, ஆறு மாதத்தில் மூன்று கிலோவை. குறைவாகத் தெரியும் என்பதை அறிவேன். ஆனால் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ என்று யாராவது சொல்லி அதை நம்பி நடக்கத் தொடங்கினால், இரண்டாவது மாதம் தராசில் ஒரு கிலோவைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துவிடுவார்.

தராசைவிட இடுப்பை நம்பச் சொல்ல இன்னொரு காரணமும் இருக்கிறது. சர்ச் குழுவினரின் பெண்களுக்கு எடை அதிகம் இறங்காமலே சுற்றளவு குறைந்தது. ராஸ் குழுவினரின் ஆய்வில், எடை இறங்காதபடி அதற்கேற்பச் சாப்பிட்டுக்கொண்டே பயிற்சி செய்த ஆண்களுக்கும் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு குறைந்தது. நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு ஆபத்து அந்தக் கொழுப்பில்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லையை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்றும், எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறை எண்ணில் (பிஎம்ஐ) 23-க்கு மேல் எடை மிகுதி, 25-க்கு மேல் உடல் பருமன் என்றும் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். மச்சானுடைய எண் 28. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வையும் அவருக்குச் சொன்னேன். சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையையும் உணவு ஒழுங்கையும் கடைப்பிடிக்கச் சொல்லித் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டவர்களில் 39 பேருக்கே வந்தது. அந்தக் குழுவினரின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அவர்களுக்கு உணவு அறிவுரையும் இருந்தது என்பதை நான் அவரிடம் மறைக்கவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப டீல மட்டும் சக்கரைய நிறுத்திப் பாக்கறேன் மச்சான், அது சோறு இல்லையே" என்றார். நான் கேட்காமல் அவராகச் சொன்னது.

ஏற்கெனவே சர்க்கரைக்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள், நெஞ்சில் அழுத்தமோ படியேறும்போது வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ உள்ளவர்கள், காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இந்த ஒப்பீட்டை வைத்துக்கொண்டு தாங்களாகத் தொடங்கக் கூடாது. ஸ்டான்லி மருத்துவமனைக்கோ வீட்டருகில் உள்ள நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கோ போய் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

மூன்று மாதத்தில் இடுப்பு இரண்டு சென்டிமீட்டராவது இறங்கவில்லை என்றால் நடையைக் கூட்டும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. டீக்கடையில் புதிதாக எதுவும் சேர்ந்திருக்கிறதா என்பது முதலாவது. மாலையில் தெருமுனைக்கு வண்டி போகிறதா என்பது இரண்டாவது. இரண்டும் இல்லை என்றால் மட்டுமே இன்னும் ஒரு மணி நேரம். அளப்பது எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடிக்காமல், காலையில் வெறும் வயிற்றில். தங்கை தையல் மெஷினிலிருந்து டேப்பை எடுத்து அன்றே அளந்தாள். காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டத்துக்குள் பென்சிலால் 98 என்று எழுதி, டேப்பை அதே ஆணியில் மாட்டிவைத்திருக்கிறாள்.